புதுப் பதிப்பு பலமானதா?

இயந்திரமும் நாமும் – தொடர் பத்தி



சென்ற இதழில், பாவித்த தையல் இயந்திரம் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களுக்குள் தையலோடு சம்பந்தமே இல்லாத கடிதம் ஒன்றும் இருந்தது. எழுதியவர் இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆன ஒரு தாய். அவருடைய பன்னிரண்டு வயது மகன் சதுரங்கம் பழகுகிறான். வீட்டிலே ஒரு பழைய மடிக்கணனி, அதற்குள் ஒரு சதுரங்க எஞ்சின். இப்போது பிள்ளைக்குப் பழக்குகிறவர், "புதுப் பதிப்பு வந்துவிட்டது, அதை வாங்கினால்தான் பிள்ளை முன்னுக்கு வருவான்" என்கிறாராம். அதன் விலை அந்தக் குடும்பத்தின் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. "புதுசு பழசை விட உண்மையிலேயே திறமோ? அதை நாங்களே சோதிச்சு அறிய வழி ஏதும் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார்.

நாம் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர்கள். கணனி படித்தவர்கள் அல்ல. ஆனால் தொழிற்சாலையிலே புது இயந்திரம் வந்து இறங்கும்போதெல்லாம் இதே கேள்வி எம் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே இந்த மாதம் அந்தத் தாயின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், எஞ்சின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. திரையில் தெரிகிற பலகையும் காய்களும் எஞ்சின் அல்ல. அவற்றுக்குப் பின்னால் இருந்துகொண்டு, "நான் இப்படி நகர்த்தினால் அவன் இப்படி நகர்த்துவான், பிறகு நான் இப்படி" என்று கிளை கிளையாகக் கணக்குப் பார்த்து, கடைசியில் ஒரு நகர்வைச் சொல்கிற புரோகிராம்தான் எஞ்சின். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, எவ்வளவு ஆழமாகத் தேடுவது. மற்றது, தேடிப்போய் நிற்கிற இடம் நல்லதா கெட்டதா என்று மதிப்பிடுவது. புதுப் பதிப்பு என்று வருகிறபோது இந்த இரண்டில் ஒன்றைத்தான் எங்கோ கொஞ்சம் மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றம் நன்மையா தீமையா என்பது எழுதியவருக்கே ஆரம்பத்தில் தெரியாது. ஆடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இப்படி ஆடவிட்டுப் பார்த்த பெரிய சோதனைகளில் இரண்டு, எம்மவர்கள் நன்றாக அறிந்த இடங்களைச் சேர்ந்தவை. மிடில் ஈஸ்ற் என்றால் எங்கள் வீடுகளில் வேறு நினைவுகள்தான் வரும். கட்டட வேலை, வீட்டு வேலை, ஏஜென்சிக்குக் கட்டின காசு, கசெற்றில் பேசி அனுப்பின கடிதம். பஹ்ரெயினும் அபுதாபியும் சதுரங்க உலகத்திலும் பேர் பெற்ற இடங்கள் என்பது எம்மில் கனபேருக்குத் தெரியாது. எமது சித்தப்பா ஒருவர் 2002 ஆம் ஆண்டிலே மனாமாவில் வேலை செய்தவர். அந்தப் போட்டியைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒன்று நடந்ததே தனக்குத் தெரியாது என்றார். பன்னிரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு அது தெரியாமல் போனதில் அதிசயம் இல்லை.

அந்தப் பக்கத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு பழையது. எங்கள் சதுரங்கம்தான் பாரசீகம் போய், அரபிகளிடம் ஷத்ரஞ் என்று பேர் மாறியது. ஏறக்குறைய ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னர் பக்தாத்திலே கலீபா அல்-முக்தபியின் அரசவையில் அல்-மாவர்தி என்பவர் பெரிய ஆட்டக்காரர் என்று பேர் எடுத்திருந்தார். கலீபாவுக்கும் அவர்மேல்தான் பிரியம். பிறகு அஸ்-சூலி என்பவர் வந்து நேருக்கு நேர் ஆடி வென்றார். கலீபா பழைய பிரியத்தை விட்டுவிட்டு வென்றவர் பக்கம் சாய்ந்தார். ஆடிப் பார்க்கும் வரை பேர் வெறும் பேர்தான் என்பது அந்த அரசவைக்கும் தெரிந்திருந்தது.

இனி பஹ்ரெயினுக்கு வருவோம். 2002 ஒக்டோபரில் மனாமாவில், கஸ்பரோவை 2000 ஆம் ஆண்டு இலண்டனில் வென்று பட்டம் எடுத்த விளாடிமிர் கிராம்னிக்கும், டீப் ஃபிரிட்ஸ் என்ற எஞ்சினும் எட்டு ஆட்டங்கள் ஆடினார்கள். எஞ்சின் எட்டுப் புரொசெசர் கொண்ட ஒரு கணனியில் ஓடியது. எம்மைக் கவர்ந்தது ஆட்டத்தை விட ஒப்பந்தம்தான். போட்டிக்கு முன்னரே எஞ்சினைக் கிராம்னிக்கின் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் வீட்டில் வைத்து அதோடு ஆடிப் பழகலாம், அதன் குறைகளைத் தேடலாம். கொடுத்த பிறகு எஞ்சினை மாற்றக்கூடாது. தொடக்க நகர்வுகளின் புத்தகத்தில் மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் திருத்தம் செய்யலாம்.

இப்படி ஒரு நிபந்தனை ஏன் வந்தது என்றால், அதற்கு முன்னர் நடந்த ஒரு மனக்கசப்பு. 1996 பெப்ரவரியில் ஐபிஎம் கம்பனியின் டீப் புளூவைக் கஸ்பரோவ் 4–2 என்று வென்றார். 1997 மே மாதம் நியூயோர்க்கில் திரும்ப ஆடியபோது 3½–2½ என்று தோற்றார். இடையிலே அந்த இயந்திரத்தை மாற்றியிருந்தார்கள். புதுப் பதிப்பு ஆடிய ஆட்டங்கள் எதையும் கஸ்பரோவுக்குக் காட்டவில்லை. அவரோ வாழ்நாள் முழுக்க ஆடிய ஆட்டங்கள் எல்லாம் அச்சிலே கிடந்தன. தோற்றவர் சொன்ன குறை என்று அதைத் தள்ளிவிடலாம்தான். ஆனாலும் ஒரு பக்கம் கண்ணைக் கட்டிவிட்டு நடத்துகிற சோதனை அரைச் சோதனை என்பது எமது எண்ணம்.

பஹ்ரெயினில் கண் திறந்திருந்தது. அதன் பலனும் தெரிந்தது. முதல் ஆட்டம் சமநிலை. இரண்டாவதையும் மூன்றாவதையும் கிராம்னிக் வென்றார். இந்த எஞ்சின் காய்கள் அடிபடுகிற குழப்பமான இடத்தில் புலி, ஆனால் ராணிகள் போன பிறகு பொறுமையாக இருபது நகர்வுக்குத் திட்டம் போடுகிற இடத்தில் தடுமாறும் என்று அவர் பழகிக் கண்டிருந்தார். அதனால் ராணிகளைச் சீக்கிரமே வெட்டி மாற்றிவிட்டு, அதைத் தனக்குப் பிடித்த பாதைக்கு இழுத்துக்கொண்டு போனார். நாலாவது ஆட்டமும் சமநிலை. அப்போது கணக்கு 3–1.

பிறகுதான் கதை மாறியது. ஐந்தாவது ஆட்டத்தில் களைத்துப்போய் ஒரு காயைச் சும்மா பறிகொடுத்தார். ஆறாவதில் தன் வழமையான அடக்கத்தை விட்டு ஒரு குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கினார். அழகான ஆட்டம்தான். ஆனால் புலிக்குப் பிடித்த காட்டுக்குள் தானாகவே போன மாதிரி ஆகிவிட்டது. இனி ஆட ஏதும் இல்லை என்று விட்டுக்கொடுத்தார். பின்னர் கணனிகளை வைத்து ஆராய்ந்தவர்கள், அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் சமநிலைக்கு வழி இருந்திருக்கலாம் என்றார்கள். கடைசி இரண்டும் சமநிலை. முடிவு 4–4.

இதிலே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எட்டு ஆட்டம் முடிந்த பிறகும் யார் பலம் என்று தெரியவில்லை. ஆனால் எங்கே பலம், எங்கே பலவீனம் என்று தெரிந்துவிட்டது. இயந்திரத்தை வேலைக்கு எடுக்கிறவனுக்கு இந்த இரண்டாவதுதான் கூடப் பிரயோசனம்.

அடுத்தது அபுதாபி. அங்கேயுள்ள பால் குழுமம் என்ற நிறுவனம் பணம் போட்டு, ஹைட்ரா என்ற சதுரங்க இயந்திரத்தை உருவாக்கியது. ஹைட்ரா என்றால் கிரேக்கக் கதைகளில் வருகிற பல தலைப் பாம்பு. ஒரு தலையை வெட்டினால் வேறு தலை முளைக்குமாம். புரோகிராமை எழுதிய தலைமை ஆள் ஒஸ்ரியா நாட்டுக்காரரான கிறிஸ்டியான் டொனிங்கர். பல கணனிகளைச் சேர்த்து ஒன்றாக வேலை வாங்குகிற பகுதியைச் செய்தவர் ஜெர்மனியரான உல்ஃப் லோரென்ஸ். சதுரங்க அறிவு கொடுத்தவர் கிராண்ட்மாஸ்டர் கிறிஸ்டோபர் லுட்ஸ். அபுதாபியில் இருந்து திட்டத்தை நடத்தியவர் முகம்மது நசீர் அலி.

இயந்திரத்தின் உள்வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம், எமக்கு அதில் விருப்பம். டீப் புளூவில் சதுரங்கத்துக்கு என்றே செய்த 480 சில்லுகள் இருந்தன. சில்லைச் செய்து முடித்தால் முடித்ததுதான், உள்ளே மாற்ற முடியாது. ஹைட்ராவில் வைத்தது வேறு வகைச் சில்லு. அதன் உட்தொடுப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதலாம். மதிப்பிடுகிற முறையில் ஒரு திருத்தம் தோன்றினால் சில்லையே புதிதாக வார்க்கத் தேவையில்லை. மாற்றி எழுதி ஆடவிட்டுப் பார்த்து, சரிவராவிட்டால் பழையதற்குத் திரும்பலாம். எங்கள் பாஷையில் சொன்னால், அச்சை உடைக்காமலே அச்சை மாற்றுகிற வசதி. 2005 அளவில் 32 கணனிகளைச் சேர்த்து, செக்கனுக்கு 15 கோடிக்குக் குறையாமல் நிலைகளைப் பார்த்தது.

2004 ஓகஸ்ட் மாதம் அபுதாபியில் ஷ்ரெடர் என்ற பேர்பெற்ற எஞ்சினை 5½–2½ என்று வென்றது. அதே காலத்தில் கிராண்ட்மாஸ்டர் எவ்கெனி விளாடிமிரோவை 3½–½ என்று வென்றது. 2005 யூன் மாதம் இலண்டன் வெம்பிளியில், அப்போது உலகத்தின் முதல் பத்துப் பேருக்குள் இருந்த இங்கிலாந்தின் மைக்கேல் அடம்ஸ் அதன் முன்னால் இருந்தார். அதன் முன்னால் என்று சொல்வதும் சரியல்ல. இயந்திரம் அபுதாபியில் ஓர் அறைக்குள் இருந்தது, இலண்டனுக்கு நகர்வுகள் மட்டும் வந்தன. ஆறு ஆட்டம். இரண்டாவதில் மட்டும் அடம்ஸ் சமநிலை எடுத்தார். மற்ற ஐந்தும் ஹைட்ராவுக்கு. 5½–½.

பஹ்ரெயினுக்கும் வெம்பிளிக்கும் இடையில் மூன்று வருடம்கூட இல்லை. ஆனால் ஹைட்ரா என்பது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிப் பார்க்கக்கூடிய பொருள் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. அது இருந்தது பூட்டிய அறைக்குள். ஷ்ரெடர், விளாடிமிரோவ், அடம்ஸ் ஆகிய மூன்று போட்டிகளையும் கூட்டினால் 18 ஆட்டம், அதில் 14½ புள்ளி. பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். மனிதனின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதாத பத்திரிகை குறைவு.

ஆனால் இன்னும் இரண்டு சோதனை நடந்தது. அவற்றுக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைக்கவில்லை.

ஒன்று, ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்னோ நிக்கல் என்பவரோடு. இவர் கடித வழிச் சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர். ஒரு நகர்வுக்கு நாட்கணக்கில் யோசிக்கலாம், மற்ற எஞ்சின்களைக் கேட்டுப் பார்க்கவும் அனுமதி உண்டு. மாதக்கணக்கில் நீண்ட அந்த ஆட்டங்களில் ஹைட்ரா இரண்டில் தோற்றது. செக்கனுக்குப் பதினைந்து கோடி பார்க்கிற இயந்திரம், சாதாரண கணனியும் பொறுமையும் வைத்திருந்த மனிதரிடம் தோற்றது.

மற்றது இன்னும் சுவையானது. அதே அபுதாபி நிறுவனம் பணம் கொடுத்து, 2005 இல் ஒரு கட்டுப்பாடற்ற போட்டியை வைத்தது. யாரும் எதையும் கொண்டுவரலாம். தனி மனிதன், தனி எஞ்சின், மனிதரும் எஞ்சின்களும் சேர்ந்த கூட்டு, எல்லாம் சரி. கிராண்ட்மாஸ்டர்கள் வந்தார்கள். ஹைட்ராவும் வந்தது. ஹைட்ரா கடைசிக் கட்டத்துக்கு வரவில்லை. வென்றது "சாக்ஸ்" என்ற பெயரில் ஆடிய ஒரு கூட்டு. திரையை விலக்கிப் பார்த்தால் உள்ளே இருந்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீவன் கிராம்டன், சக்கரி ஸ்டீபன் என்ற இரண்டு இளைஞர்கள். பட்டமோ பேரோ இல்லாத ஆட்டக்காரர்கள். ஒருவருடைய தரப்புள்ளி 1685, மற்றவருடையது 1398. இவர்களிடம் இருந்தவை வீட்டில் பாவிக்கிற சாதாரண கணனிகள்.

இது எப்படி முடிந்தது? அவர்கள் பல எஞ்சின்களை ஆடவிட்டுப் பார்த்து, எது எந்த மாதிரி இடத்தில் நம்பத்தக்கது, எது எங்கே பிழைவிடும் என்று அறிந்து வைத்திருந்தார்கள். ஆட்டத்தின்போது எஞ்சின்கள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால், எதை நம்புவது, எதை இன்னும் தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்தது. தங்களுக்குச் சதுரங்கம் தெரிந்ததை விட, தங்கள் இயந்திரங்களைத் தெரிந்ததுதான் அதிகம்.

இந்த இடத்தில் எமது வேலைத்தலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசகர்களில் அரைவாசிப் பேர் இதே மாதிரி இடங்களில்தான் நிற்கிறீர்கள்.

நாம் நிற்கிற பெட்டி கட்டுகிற வரிசையில் முன்பு ஆறு பேர். இரண்டு வருடத்துக்கு முன்னர் புது இயந்திரம் வந்தது. விற்ற கம்பனியின் ஆட்கள் வந்து இரண்டு நாள் ஓட்டிக் காட்டினார்கள். நல்ல காய்ந்த மட்டைகள், ஒரே அளவு, பகல் நேரம். ஒரு பெட்டி பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு வேலையில், குளிர் அறையிலிருந்து வந்த ஈர மட்டைகளைப் போட்டோம். பசை பிடிக்கவில்லை. மூடாத பெட்டிக்கும் இயந்திரம் பச்சை விளக்குத்தான் போட்டது. அது பச்சையைக் காட்டிக்கொண்டிருக்க, எங்களோடு நின்ற ஓர் அக்கா, பெட்டி விழுகிற சத்தத்தை வைத்தே, "இது ஒட்டேல்லை" என்று நிறுத்தினார். ஐம்பத்தைந்து வயது. இந்த நாட்டுப் பாஷை இன்னும் சரியாக வராது. அடுத்த கிழமை முதல், மேற்பார்வையாளர் புதுச் சரக்கு ஒவ்வொன்றையும் முதலில் அவரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

ஆறு பேரில் இப்போது நாங்கள் மூன்று பேர். மற்ற மூன்று பேரில் இருவர் வேறு பகுதிக்குப் போனார்கள், ஒருவருக்கு வேலை இல்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். அக்கா நிற்கிறார். இதை இனிப்பாகச் சொல்ல எமக்கு மனம் இல்லை. இயந்திரம் வந்தால் ஆள் குறையும், அதுதான் நடக்கிறது. ஆனால் குறைக்கிறபோது யார் நிற்கிறார் என்று பார்த்தால், இயந்திரத்தோடு போட்டிக்கு வேகமாகக் கட்டினவர் நிற்கவில்லை. அது எங்கே பிழைவிடும் என்று அறிந்தவர் நின்றார். சாக்ஸ் கூட்டின் கதையைப் படித்தபோது எமக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

சரி, ஹைட்ராவுக்கு என்ன ஆனது? சில வருடங்களில் வேலை நின்றுபோனது. 2009 இல் புவனஸ் அயர்ஸ் நகரில் ஒரு போட்டி நடந்தது. அதிலே கைபேசியில் ஓடிய பொக்கெற் ஃபிரிட்ஸ் 4 என்ற எஞ்சின் பத்து ஆட்டத்தில் 9½ புள்ளி எடுத்தது. அது செக்கனுக்குப் பார்த்தது இருபதாயிரம் நிலைகூட இல்லை. பதினைந்து கோடி எங்கே, இருபதாயிரம் எங்கே! எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை என்று புரோகிராம் தேறிவிட்டது. பெட்டியின் அளவும் செக்கனுக்கு இத்தனை கோடி என்ற எண்ணும் பலத்துக்கு அத்தாட்சி அல்ல என்பதற்கு இதை விட வேறு என்ன வேண்டும். கடைக்காரர்கள் இன்னும் அந்த எண்ணைத்தான் முதலில் சொல்லுவார்கள்.

இன்று உலகத்தில் முன்னணியில் நிற்கிற எஞ்சின்களில் ஒன்று ஸ்ரொக்ஃபிஷ். 2008 இல் தொடங்கியது. ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை, யாரும் இறக்கிக்கொள்ளலாம். (தாய்க்கு வேண்டிய பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.) அதைச் சோதிக்கிற விதம் பூட்டிய அறைக்கு நேர் எதிர். 2013 முதல், உலகம் முழுவதிலும் உள்ள ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கணனிகளின் ஓய்வு நேரத்தைத் தானமாகக் கொடுக்கிறார்கள். யாராவது ஒரு சின்ன மாற்றத்தை எழுதி அனுப்பினால், மாற்றம் உள்ள பதிப்பும் இல்லாத பதிப்பும் அந்தக் கணனிகளில் ஒன்றோடொன்று ஆடும். முதலில் ஒரு பக்கத்துக்கு 10 செக்கன் என்ற குறுகிய நேரத்தில். அதில் தேறினால் 60 செக்கனில். இரண்டிலும் தேறினால்தான் உள்ளே எடுப்பார்கள். அனுப்புகிறவற்றில் பெரும்பாலானவை தேறுவதில்லை. எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் சரி.

எத்தனை ஆட்டம் ஆடவேண்டும் என்பதுதான் எம்மை ஆச்சரியப்படுத்தியது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுகிற இடம் இதுதான்.

ஒரு நாணயத்தைப் பத்துத் தரம் சுண்டிப் பாருங்கள். நாணயத்தில் கள்ளம் ஏதும் இல்லை. அப்படியிருந்தும் ஐந்துக்கு ஐந்து சரிபாதியாக விழுவது ஏறக்குறைய நாலு முறைக்கு ஒரு முறைதான். மற்ற மூன்று முறையும் ஒரு பக்கம் "வென்றிருக்கும்". ஆகவே புதுப் பதிப்பு பழையதை 6–4 என்று வென்றது என்று யாராவது சொன்னால் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. நூறு ஆட்டம் ஆடினாலும், அதில் அரைவாசி சமநிலை என்று வைத்துக்கொண்டால், 57–43 க்குக் குறைந்த வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் வந்திருக்கலாம். ஆயிரம் ஆட்டத்தில் 522 புள்ளிக்கு மேல் போனால்தான் கொஞ்சம் நம்பலாம்.

ஸ்ரொக்ஃபிஷ்காரர்கள் தேடுகிற முன்னேற்றமோ இதை விடச் சின்னது. ஒரு மாற்றத்தால் எஞ்சினின் தரம் மூன்று புள்ளி கூடுகிறது என்று வைப்போம். ஆயிரம் ஆட்டத்தில் அது கூடுதலாகத் தருவது நாலு புள்ளிதான். அதை அதிர்ஷ்டத்திலிருந்து பிரித்து அறிய இருபத்தையாயிரம் ஆட்டத்துக்கு மேல் வேண்டும். அபுதாபிக்காரர்கள் ஊரறியக் காட்டிய மூன்று போட்டிகளையும் கூட்டினால் 18. அதனால் ஹைட்ரா பலம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அடம்ஸை 5½–½ என்று வென்றது அதிர்ஷ்டமாக இருக்க முடியாது. பெரிய வித்தியாசம் சில ஆட்டத்திலேயே தெரியும், சின்ன வித்தியாசத்துக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். புதுப் பதிப்புகள் என்று விற்கிறவை அநேகமாகச் சின்ன வித்தியாசங்கள்.

இனி வீட்டிலே செய்து பார்க்கிற முறை. அந்தத் தாயின் மகனே இதைச் செய்யலாம், அவனுக்கு இது நல்ல விளையாட்டாகவும் இருக்கும். கியூட் செஸ் என்று ஓர் இலவச புரோகிராம் உண்டு. இரண்டு எஞ்சினையும் அதற்குள் போட்டால் தானாக ஆடவிட்டுப் புள்ளி எண்ணித் தரும். இரண்டுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு நினைவகம், ஒரே எண்ணிக்கைப் புரொசெசர் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று கூடிக் குறைந்தாலும் மற்ற எல்லாம் வீண். எதிராளி யோசிக்கிற நேரத்தில் தானும் யோசிக்கிற வசதியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கணனியில் ஒன்றின் பங்கை மற்றது தின்னும்.

தொடக்கம் மிக முக்கியம். ஒரே தொடக்கத்திலிருந்து விட்டால் அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே பலவிதத் தொடக்கங்கள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தொடக்கத்தையும் இரண்டு தரம், வெள்ளை கறுப்பு மாற்றி ஆடவேண்டும். எங்கள் ஊர் விளையாட்டுப் போட்டியில் பாதி நேரத்தில் பக்கம் மாறுகிறது போலத்தான், காற்றும் வெயிலும் இரண்டு பேருக்கும் பொது. ஸ்ரொக்ஃபிஷ் சோதனையில் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களைக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் சரிசமனான இடத்தில் விட்டால் இந்தக் காலத்து எஞ்சின்கள் எல்லா ஆட்டத்தையும் சமநிலையில் முடித்துவிடும்.

ஒரு பக்கத்துக்கு 10 செக்கனும், நகர்வுக்குப் பத்தில் ஒரு செக்கனும் கொடுத்தால் ஓர் ஆட்டம் அரை நிமிடத்தில் முடியும். இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டால் விடியும்போது ஆயிரம் ஆட்டம் வரை பார்க்கலாம். மடிக்கணனியைப் படுக்கையிலோ மெத்தையிலோ வைக்க வேண்டாம். சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சோதனையும் கெடும், கணனியும் கெடும். மேசையில் காற்றுப் படுகிற மாதிரி வையுங்கள்.

புள்ளியை எண்ணிவிட்டு மூடிவிடாமல், தோற்ற ஆட்டங்களில் ஒரு பத்தையாவது பிள்ளையைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சறுக்கியது? ராணி போன பிறகா, ராசாவைச் சுற்றிச் சண்டை வந்தபோதா? பழக்குகிறவருக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கு அந்தப் பத்து ஆட்டத்திலேயே திரும்பி வரும்.

இனி அந்தத் தாய்க்கு நேர் பதில். அம்மா, காசு கொடுத்து வாங்க வேண்டாம். உங்கள் பழைய மடிக்கணனியில் உள்ள எஞ்சின், அது பத்து வருடம் பழசு என்றாலும், உங்கள் பிள்ளையை மட்டும் அல்ல, உலகச் சம்பியனையும் வெல்லும். கிராம்னிக் 2006 இல் பொன் நகரில் டீப் ஃபிரிட்ஸோடு திரும்ப ஆடி 4–2 என்று தோற்றார். அதன் பிறகு மனிதர் இந்தப் பந்தயத்துக்குப் போவது குறைந்துவிட்டது. பதிப்புக்குப் பதிப்பு வருகிற வித்தியாசம் எஞ்சினுக்கும் எஞ்சினுக்கும் இடையிலான வித்தியாசம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை உணரவே மாட்டான். சென்னையில் பிறந்த குகேஷ் 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலகச் சம்பியன் ஆனார் அல்லவா. அவர் சிறுவயதில் பல வருடம் எஞ்சின் இல்லாமலே பழக்கப்பட்டவர். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது எஞ்சின் அல்ல, எதிரே இருந்து ஆட ஒரு பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பலகை விரித்து வைத்தால் போதும், ஆட்கள் தானாக வருவார்கள்.

பழக்குகிறவரோடு மனக்கசப்பு வேண்டாம். "நாங்கள் பழசையும் இலவசத்தையும் ஆயிரம் ஆட்டம் விட்டுப் பாக்கிறம், நீங்கள் சொல்லுற புதுசையும் ஒரு நாளைக்குத் தாருங்கோ, அதையும் விட்டுப் பாப்பம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். தந்தால் நல்லது. தராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வேறு பிள்ளைகளும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் முடிவை எமக்கு எழுதி அனுப்புங்கள். எந்த எஞ்சின், எந்தப் பதிப்பு, எத்தனை ஆட்டம், எவ்வளவு நேரம், வெற்றி எத்தனை, சமநிலை எத்தனை, தோல்வி எத்தனை என்று முழுவதும் இருக்க வேண்டும். "புதுசு வென்றது" என்று மட்டும் எழுதினால் பிரசுரிக்க மாட்டோம். நூறு ஆட்டத்துக்குக் குறைந்ததையும் அனுப்ப வேண்டாம்.

அடுத்த இதழில், பல வாசகர்கள் கேட்டபடி, குளிர்காலத்தில் வீட்டு ஹீற்றரின் மின் மீற்றரைப் பார்த்துக் கணக்குப் போடுவது எப்படி என்று எழுதுவோம்.